மறு: துப்பாக்கிக் குழல்வாய்ப் பொருத்திகளுக்குத் தமிழ்ப்பெயர்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

துப்பாக்கிக் குழலின் முனையில் பொருத்தப்படும் ஃபிளாஷ் ஹைடர், மசில் பிரேக், காம்பன்சேட்டர், சப்ரசர் ஆகிய நான்கையும் "குழல்முனைக் கருவி" என்ற ஒரே சொல்லால் குறித்துவிடலாம் என்று இழையைத் தொடங்கிய நண்பர் எழுதியிருந்தார். பொதுப்பெயர் ஒன்று தேவைதான். அதைக் "குழல்வாய்ப் பொருத்தி" என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் தனிப்பெயர்கள் இல்லாமல் எந்தத் துப்பாக்கிக்கு எதைப் பொருத்துவது என்று விளக்கவே இயலாது. நான்கும் குண்டைத் தொடர்ந்து வெளியேறும் அதே சூடான வளியைத்தான் கையாள்கின்றன என்றாலும், ஒன்றால் வரும் நன்மை பெரும்பாலும் இன்னொன்றின் நோக்கத்தைக் கெடுத்துவிடுகிறது.

மசில் பிரேக் வளியைப் பக்கவாட்டிலும் சற்றுப் பின்னோக்கியும் திருப்பிப் பின்னுதைப்பைக் குறைக்கிறது. பாரெட் எம்82 போன்ற பெருங்குண்டுத் துப்பாக்கியின் உதையைத் தோள் தாங்குவதில் அதன் அம்புத்தலை வடிவப் பொருத்திக்குப் பெரும்பங்கு உண்டு. அதே வேளையில், திரும்பி வரும் வளி அருகில் இருப்பவரின் காதைத் தாக்கும், படுத்துச் சுட்டால் புழுதியையும் கிளப்பும். இதற்கு இழையில் வந்த "தடுப்பான்", "நிறுத்தி" என்ற முன்மொழிவுகள் வண்டியின் பிரேக்கை மனத்தில் வைத்து எழுந்தவை. இங்கே எதுவும் நிற்பதில்லை. துப்பாக்கி உதைக்கும் என்பது இயல்பான பேச்சு. ஆகவே "உதைதணிப்பி" என்பது என் பரிந்துரை.

ஃபிளாஷ் ஹைடருக்குச் "சுடர்மறைப்பி" என்று இருவர் எழுதியிருந்தனர். எதிரியின் கண்ணுக்குச் சுடர் தெரியாமற்போகும் என்று படிப்பவர் எண்ணிவிடுவார். மங்கிய ஒளியில் சுடுபவரின் கண் கூசாமல் காப்பதே அதன் முதன்மைப் பணி; எதிரில் இருப்பவருக்குச் சுடர் குறையலாம், முற்றிலும் மறையாது. எனவே "சுடர்தணிப்பி".

இதற்கும் உதைதணிப்பிக்கும் உள்ள வேறுபாடு சட்டத்திலும் இடம்பெற்றது. அமெரிக்காவில் 1994 முதல் 2004 வரை நடப்பிலிருந்த தாக்குதல் துப்பாக்கித் தடைச்சட்டம், தடைக்குரிய நீள்துப்பாக்கிகளை வரையறுக்கும் கூறுகளில் ஒன்றாகச் சுடர்தணிப்பியைப் பட்டியலிட்டது, உதைதணிப்பியைப் பட்டியலிடவில்லை. உற்பத்தியாளர்கள் முன்னதை விட்டுவிட்டுப் பின்னதைப் பொருத்தி விற்றார்கள். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்து அச்சட்டத்தைத் தமிழாக்கினால், தடைசெய்ததும் அனுமதித்ததும் ஒன்றாகிவிடும்.

வேட்டொலியைக் குறைக்கும் சப்ரசர் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அதை உருவாக்கிய அமெரிக்கர் ஹைரம் பெர்சி மாக்சிம் 1909இல் காப்புரிமை பெற்று "சைலன்சர்" என்ற பெயரில் விற்றது முதல் அப்பெயர் மிகைப்படுத்தியே வந்திருக்கிறது. ஏறத்தாழ 160 டெசிபல் அளவுள்ள வேட்டொலியை அது 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கலாம்; ஒலியை விஞ்சிய வேகத்தில் பறக்கும் குண்டு எழுப்பும் வெடிப்பொலியை அதனால் தொடவும் முடியாது. "மௌனிப்பான்" வேண்டாம், "ஒலிதணிப்பி" போதும். நாளிதழ்கள் சைலன்சர் என்றேதான் எழுதும், வாசகருக்கு மோட்டார் சைக்கிள் நினைவுக்கு வரும். அதிலும் பெரிய பிழையில்லை, இரண்டும் வளியை அறைகளில் விரியவிட்டு அழுத்தத்தைக் குறைப்பவையே.

சிக்கல் காம்பன்சேட்டரில்தான் இருக்கிறது. சோவியத் ஏகேஎம் துப்பாக்கியின் சாய்வாக வெட்டிய வாயைப் போல, வளியை மேல்நோக்கிச் செலுத்தி, சுடும்போது குழல் மேலெழாமல் அழுத்துவது அதன் வேலை. ஆங்கிலப் பெயரின் நேர்பெயர்ப்பான "ஈடுசெய்வி" எதை ஈடுசெய்கிறது என்று சொல்லவில்லை. முந்தைய மூன்றின் வழியில் "எழுச்சிதணிப்பி" என்று ஆக்கிப் பார்த்தேன். துப்பாக்கியோடு சேர்த்துப் படித்தால் கலவரத்தை ஒடுக்கும் காவல்படைப் பிரிவின் பெயர்போல ஒலிக்கிறது. ஆகவே வரிசை குலைந்தாலும் "குழலமர்த்தி" என்பதை முன்வைக்கிறேன்.

ஒரே பொருத்தி இரு வேலை செய்தால் என்ன பெயர் என்ற வினாவும் இழையில் எழுந்தது. அமெரிக்கப் படைத்துப்பாக்கியான எம்16ஏ2இன் பறவைக்கூண்டு வடிவச் சுடர்தணிப்பியில், புழுதி கிளம்பாதிருக்கவும் குழல் எழாதிருக்கவும் கீழ்ப்புறத் திறப்புகளை மூடிவிட்டார்கள். அதைச் சுடர்தணிப்பி என்றே அழைத்து, குழலமர்த்தும் பணியும் செய்வது என்று விளக்கத்தில் எழுதலாம், கூட்டுச்சொல் தேவையில்லை. படைப்பணியில் இருந்தவர்கள் குழல் எழுவதைத் தமிழில் எப்படிச் சொல்லிக்கொண்டார்கள் என்று எழுதினால், குழலமர்த்தியைக் கைவிடவும் அணியமாக இருக்கிறேன்.

அன்புடன்.