ஈர் மட்டும் போகவே மாட்டேன் என்கிறது

தோழிகளே, மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு இடுப்பளவு முடி. இப்போது தலை முழுக்கப் பேன். மருந்துக்கடையில் 1 சதவீத பெர்மெத்ரின் வாங்கித் தடவினேன், பேன் செத்தது. காதுக்குப் பின்னால் ஈர் மட்டும் வெள்ளை எள் போல முடியைக் கவ்விக்கொண்டிருக்கிறது, பேன் சீப்புக்கும் அசையவில்லை. 7 முதல் 10 நாளில் பொரித்துவிடுமாம், அதனால் ஒன்பதாம் நாள் மறுபடி தடவப் போகிறேன்.

மாமியார் சீத்தாப்பழ விதையை அரைத்து வைத்தார். கண்ணில் பட்டால் ஆபத்து என்று ஒளித்துவிட்டேன், இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

ஈரை உருவ என்ன வழி? நெருக்கமான பல் உள்ள உலோகச் சீப்பு பயன்படுத்தியவர்கள் உண்டா? பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் அம்மாவிடம் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது? முடியை வெட்டச் சொல்லாதீர்கள், அழுதுவிடுவாள். நானும்தான்.