ஓய்வுக்குப் பிறகு நீர்வண்ண நிலக்காட்சி ஓவியராகத் தொழில் செய்ய முடியுமா?

கேள்வி: அம்பாசமுத்திரம் வாசகி

அனைவருக்கும் வணக்கம். வங்கிப் பணியிலிருந்து அடுத்த ஆண்டு ஓய்வு பெற இருக்கிறேன். சில ஆண்டுகளாகவே விடுமுறை நாள்களில் தாமிரபரணிக் கரையிலும் வயல்வெளியிலும் உட்கார்ந்து நீர்வண்ணத்தில் நிலக்காட்சிகள் வரைந்து வருகிறேன். ஓய்வுக்குப் பிறகு இதைப் பொழுதுபோக்காக அல்லாமல், ஓவியங்களை விற்று வாழும் முழுநேரத் தொழிலாகவே கொள்ள விரும்புகிறேன். வீட்டுச் செலவுக்கு வேறு வருமானம் இருப்பதால் அவசரம் இல்லை. ஓவியக் கல்லூரியில் படிக்காதது தடையாக இருக்குமா? இந்த ஓராண்டில் எதை முதன்மையாகப் பழக வேண்டும்? உறவினர்கள் எல்லாவற்றையும் நன்றாக இருக்கிறது என்றே சொல்வதால், தொழில் அறிந்தவர்களிடம் கேட்கிறேன்.

பதில் 1: நிலக்காட்சி ஓவியர், தென்காசி

அம்மா, பட்டம் இல்லாதது தடையே அல்ல. வாங்குபவர் சுவரில் மாட்டப்போவது உங்கள் ஓவியத்தைத்தான். அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமர் பெரும்பாலும் தாமாகவே கற்றவர். 1873இல், 37ஆம் வயதில்தான் நீர்வண்ணத்தில் முனைந்து இறங்கினார். ஆனால் அதற்கு முன்பே பத்திரிகைகளுக்குப் படம் வரைந்து வரைந்து அவருடைய கை பழகியிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. வயதைவிட அந்தப் பழக்கம்தான் முக்கியம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், முதல் சில மாதங்களுக்கு வண்ணப் பெட்டியை மூடிவைத்துவிட்டு, செப்பியா என்ற அடர் பழுப்பு போன்ற ஒரே வண்ணத்தில் நான்கே டோன்களில், அதாவது வெளிர் முதல் அடர் வரை நான்கே படிகளில் வரைவேன். நிலக்காட்சியில் தொலைவைக் காட்டுவது நிறத்தைவிட டோன்தான். அதற்கு உங்கள் ஊரைவிட நல்ல பள்ளி கிடையாது. பொதிகை மலை உங்களுக்கு மேற்கே இருப்பதால், காலை வெயில் அதன் முகத்தில் நேராக விழுந்து ஒவ்வொரு மடிப்பையும் காட்டும். எல்லாவற்றையும் வரைந்துவிடத் தோன்றும், வரைந்தால் மலை வயலுக்கு மேலேயே வந்து நின்றுவிடும். மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும்போது அதே மலை ஒரே நீல வடிவமாகிவிடும். அப்போது ஒரே வாஷில், அதாவது நீர் நிறையக் கலந்த வண்ணத்தின் ஒரே பரந்த பூச்சில் அதைப் போட்டுவிட்டு, நாற்று நட்ட வயலின் நீரில் விழும் வானத்துக்குத் தாளின் வெண்மையை விட்டுவைத்தால், தொலைவு தானாகவே வந்துவிடும். விட்டுவைக்காத வெண்மையைப் பிறகு முழுமையாக மீட்க முடியாது என்பதால், பிரஷைத் தொடுவதற்கு முன்பே அதைத் தீர்மானித்துவிட வேண்டும்.

நம் தட்பவெப்பமும் ஒரு பாடம்தான். சித்திரை வெயிலில் வாஷ் பாதி வழியிலேயே காய்ந்து கோடு விழும். தாளின் பின்புறத்தையும் நனைத்து, நீர் உறிஞ்சாத பலகையில் ஒட்டவைத்து, நிழலில் உட்கார வேண்டும். சாரல் காலத்தில் இதற்கு நேர்மாறாக வாஷ் காயவே காயாது. பொறுமை இழந்து அடுத்ததைப் போட்டால் முதல் வண்ணம் பூப்பூவாகப் பரவிவிடும். தாளின் மினுமினுப்பு போனது மட்டும் போதாது. வண்ணம் படாத ஓரத்தில் புறங்கையை வைத்துப் பாருங்கள். குளிர்ச்சி தெரிந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள்.

பதில் 2: ஓவியச் சாதனங்கள் விற்பவர், மதுரை

விற்கத் தொடங்கும் நாளிலிருந்து மாணவர் தர வண்ணங்களை விட்டுவிடுங்கள். ட்யூபின் மேல் இருக்கும், உள்ளே எந்த நிறமி என்று சொல்லும் குறியீட்டைப் பார்த்து வாங்குவதே முறை. பிஆர்83 என்று குறிக்கப்பட்ட அலிசரின் கிரிம்சன் வெளிச்சத்தில் வெளிறும். அதற்குப் பதிலாகப் பிவி19 உள்ள குவினக்ரிடோன் சிவப்பை வாங்கலாம். அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் நிலைத்து நிற்பவை. இரண்டையும் கலந்தாலே மழைமேகத்துக்கு வேண்டிய சாம்பல் நிறங்கள் எல்லாம் கிடைத்துவிடும். தாள் முழுப் பருத்தியில், 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையில் இருக்கட்டும். ஈரக்காற்றில் நெடுநாள் கிடந்த தாளில், வண்ணத்தை உடனே உறிஞ்சவிடாமல் தடுக்கும் பசைப்பூச்சு கெட்டு, வண்ணம் திட்டுத்திட்டாக உள்ளே இறங்கும் என்பதால், மொத்தமாக வாங்கி அடுக்காமல் தேவைக்கேற்ப வாங்குவதே நல்லது.

அம்பாசமுத்திரம் வாசகி

இருவருக்கும் மிக்க நன்றி. இன்னொரு ஐயம். குற்றாலத்தில் தங்கும் விடுதி நடத்தும் ஒருவர், அறைகளில் மாட்டுவதற்காக அருவிக் காட்சிகளை வரைந்து தரக் கேட்கிறார். புகைப்படங்களையும் அவரே தருவாராம். ஒப்புக்கொள்ளலாமா?

பதில் 3: சென்னையில் கேலரி நடத்துபவர்

ஒப்புக்கொள்ளுங்கள், ஆனால் எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகு. நீங்களாக வரைந்த ஓவியத்தை ஒருவர் வாங்கினால், அதன் பதிப்புரிமை உங்களிடமே இருக்கும். பணம் தருவதாகச் சொல்லி ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் வரையும் ஓவியத்துக்கோ, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே பதிப்புரிமையின் முதல் உரிமையாளர். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. பின்னாளில் அந்தக் காட்சிகளை அச்சுப் பிரதிகளாக நீங்கள் விற்க நினைத்தால் இது குறுக்கே நிற்கும். அச்சுரிமை ஓவியருக்கே என்ற ஒரு வரியை முன்பணம் வாங்கும்போதே எழுதி, இருவரும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். புகைப்படங்களை எடுத்தவர் யார், அவர் அனுமதி தந்திருக்கிறாரா என்பதையும் கேட்க வேண்டும். குற்றாலம் உங்களுக்குப் பக்கம்தானே. நேரில் சென்று வரைந்தால் அந்தச் சிக்கலும் இல்லை, ஓவியமும் உங்களுடையதாக இருக்கும்.

விலையை ஓவியத்தின் அளவைக் கொண்டு நிர்ணயித்து, வீட்டில் விற்றாலும் கேலரியில் விற்றாலும் ஒரே விலையாக வைத்திருங்கள். கேலரியின் கமிஷன் விலையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரைகூட இருக்கும் என்பதை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். விடுதி அறைகளில் ஈரம் அதிகம் என்பதால், ஓவியத்தைச் சுற்றி அமிலமற்ற மவுண்ட் அட்டை வைத்து, கண்ணாடி தாளைத் தொடாதபடி ஃபிரேம் போடச் சொல்லுங்கள். அந்தச் செலவை விடுதிக்காரரே ஏற்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடலாம்.