கேஸ் லிஃப்ட் கிணறு ஓட்டுறவங்க அனுபவம்: நம்ம ஊர் கம்ப்ரசர் போர்லேருந்து மும்பை ஹை வரை (பேசுறவங்க பேருக்குப் பதிலா அவங்க ஊர்ப் பேர்)

உசிலம்பட்டி
மும்பை ஹைங்கிற கடல் எண்ணெய் வயல்ல உற்பத்தி ஆரம்பிச்சது 1976-ல. அன்னைக்கு இருந்த அழுத்தம் இன்னைக்கு இல்ல, அதனால நிறைய கிணறு கேஸ் லிஃப்ட்லதான் ஓடுது. தோட்டத்துல கம்ப்ரசர் போர் பாத்தவங்களுக்கு இது புதுசில்ல. உள்ள விட்ட காத்தால தண்ணி நுரைச்சு, எடை குறைஞ்சு மேல வருதுல்ல, அதேதான். ஆனா எண்ணெய்க் கிணத்துல காத்து கூடாது. வெடிக்கிற கலவை ஆயிடும், அதுல இருக்குற ஆக்சிஜன், குழாயையும் அரிச்சிடும். எரிவாயுவையே அழுத்தி, கேசிங்குக்கும் (வெளிக்குழாய்) டியூபிங்குக்கும் (எண்ணெய் மேல வர்ற உள்குழாய்) நடுவுல இறக்கணும்.

மேலூர்
முதல்முறை கேஸ் விடுறப்ப அவசரமே ஆகாது. கேசிங் அழுத்தம் 400 பிஎஸ்ஐ (அழுத்தத்தோட அளவு) தொடுற வரைக்கும் 8-10 நிமிஷத்துக்கு 50 பிஎஸ்ஐதான் ஏத்தணும். அதுக்கப்புறம் அதே இடைவெளிக்கு 100. கேசிங்ல நிக்கிற திரவம் பூரா டியூபிங்ல மேலேருந்து அடி வரை வச்சிருக்குற சின்னச் சின்ன கேஸ் வால்வு வழியாத்தான் டியூபிங்குக்குப் போகணும். வேகமாத் தள்ளினா வால்வு மூடி உக்காருற சீட்டை அறுத்துடும். அறுந்தது மூடாது, கேஸ் மேல் வால்வுலயே புகுந்துடும், அடி வால்வுக்கு எட்டாது. அதை மாத்த கம்பியில கருவி கட்டிக் கிணத்துக்குள்ள இறக்குற வயர்லைன் ஆளுங்க பிளாட்ஃபார்முக்கு வரணும். மழைக்காலக் கடல்ல அது லேசுப்பட்ட வேலையா?

திருமங்கலம்
அண்ணே சொன்னதோட ஒண்ணு. கேசிங், டியூபிங் ரெண்டு அழுத்தமும் அலை மாதிரி ஏறி இறங்கினா அது ஹெட்டிங். கேஸ் அளவுக்கு ஆரிஃபிஸ் (டியூபிங்குக்குள்ள கேஸ் நுழையிற வால்வுத் துளை) பெருசா இருந்தா வரும். கேஸைக் கொஞ்சம் கூட்டிப் பாக்கலாம், நிரந்தரத் தீர்வு சின்ன ஆரிஃபிஸ்தான். கேஸைக் கூட்டிக்கிட்டே போனா எண்ணெயும் கூடும்னு நினைக்காதீங்க. ஓர் அளவுக்கு மேல குழாய்க்குள்ள உராய்வு கூடி எண்ணெய் குறையும். ஒவ்வொரு அளவுலயும் ஓட்டம் நிலைச்ச பிறகு எண்ணெய், கேஸ், தண்ணியைப் பிரிக்கிற செபரேட்டர்ல டெஸ்ட் எடுத்துப் பாருங்க.

உசிலம்பட்டி
சரியாச் சொன்னீங்க தம்பி. டியூபிங் ஓட்டைன்னு சந்தேகமா? கிணத்து வாயில எண்ணெய் வெளிய போற விங் வால்வை அடைச்சு, ரெண்டு பக்கமும் அழுத்தம் சமமானதும் கேஸை நிறுத்தி, கேசிங்கை மட்டும் இறக்குங்க. டியூபிங்கும் கூடவே இறங்கினா ஒண்ணு ஓட்டை இருக்கணும், இல்ல கேஸ் வால்வுல திரும்பி ஓடாம தடுக்குற செக் வால்வு பிடிக்காம இருக்கணும்.

மேலூர்
கேஸ்ல ஈரம் இருந்தா சோக் (கேஸ் அளவைக் கட்டுப்படுத்துற குறுகின துளை) வாசல்ல ஹைட்ரேட் (தண்ணியும் கேஸும் சேர்ந்த பனிக்கட்டி மாதிரி கட்டி) கட்டும். வெளியில வெயில் கொளுத்தினாலும் கட்டும், ஏன்னா விரியிற கேஸ் தானே குளிரும். மெத்தனால் விட்டுக் கரைக்கலாம், ஆனா கிளைகால்ங்கிற ஈரம் உறிஞ்சுற திரவத்தால கேஸை உலர்த்துற இடத்துலதான் கோளாறு, அதைப் பாருங்க. அடைச்ச லைன்ல ஒரு பக்கம் மட்டும் அழுத்தத்தை இறக்கவே இறக்காதீங்க. கட்டி குண்டு மாதிரி பாஞ்சு குழாய் வளைவையே பிளந்துடும்.