புதுப்பிப்பு: 4 டிஸ்க் நாஸ், ரெய்டு 5-ஆ ரெய்டு 10-ஆ?

போன மாசம் நாஸ்ல (வீட்டு நெட்வொர்க்ல மாட்டுற ஸ்டோரேஜ் பெட்டி) நாலு 4 டிபி டிஸ்க் போட்டு போட்டோ, படமெல்லாம் வைக்க ரெய்டு 5-ஆ ரெய்டு 10-ஆன்னு கேட்டிருந்தேன்ல (ரெண்டுமே பல டிஸ்க்கை ஒண்ணா சேர்த்து, ஒண்ணு போனாலும் டேட்டா தப்பிக்கற முறை), பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. இடம் முக்கியம்னு ரெய்டு 5 போட்டுட்டேன், அதுல மூணு டிஸ்க் அளவு இடம் கிடைக்கும், ரெய்டு 10-ல ரெண்டுதான். ஆனா காப்பாத்துனது "முதல்ல எஸ்எம்ஆரா சிஎம்ஆரா பாருங்க"ன்னு ஒருத்தர் சொன்னதுதான், பார்த்தா ரெண்டு எஸ்எம்ஆர் (டிராக்குகளை ஒண்ணுமேல ஒண்ணு ஏத்தி எழுதற டிஸ்க், மாத்தி எழுத மெதுவா இருக்கும்; சிஎம்ஆர்ல அப்படி ஏத்தறதில்ல), ஒரு டிஸ்க் போச்சுன்னா ரீபில்ட் (புது டிஸ்க்ல டேட்டாவை திரும்ப உருவாக்கறது) நாள்கணக்குல இழுக்கும், அதனால ரெண்டு சிஎம்ஆர் புதுசா வாங்குனேன். 12 டிபிக்கு 10.9னு காட்டவும் பகீர்னு ஆச்சு, டிஸ்க் கம்பெனி 1000-ஆ எண்ணறதுக்கும் கம்ப்யூட்டர் 1024-ஆ எண்ணறதுக்கும் உள்ள கணக்குதானாம். எதிர்பார்க்காதது சத்தம்: மர அலமாரில ராத்திரி பூரா உர்ர்ருன்னு அதிர்வு, பழைய மவுஸ்பேட மடிச்சு அடியில வச்சதும் அடங்கிடுச்சு. ரெய்டு பேக்கப் ஆகாதுன்னு திட்டுனவங்களுக்கு: கழட்டுன ரெண்டு எஸ்எம்ஆர்லயும் போட்டோ காப்பி இருக்கு, ஒண்ணு அம்மா வீட்ல.