மதுரை வெக்கையைத் தாங்கும் ஸ்னேக் பிளான்ட் தண்ணீரில் அழுகுவது ஏன்?

புதூர் உறுப்பினர்:

எங்கள் வீட்டுக் கூடத்தில், வெயில் நேரடியாக விழாத ஜன்னலோரத்தில், வாள்போல் நிமிர்ந்து நிற்கும் இலைகளைக் கொண்ட ஸ்னேக் பிளான்ட் செடியை வளர்க்கிறோம். பார்க்க வருபவர்கள் எல்லாம் சித்திரை வெயிலை இது தாங்குமா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நைஜீரியாவிலிருந்து காங்கோ வரையிலான ஆப்பிரிக்கப் பகுதியே இதன் பூர்வீகம் என்பதாலும், தடித்த இலையிலும் கிழங்கிலும் நீரைச் சேமித்து வைத்துக்கொள்வதாலும், வீட்டுக்குள் இருக்கும்வரை நம் ஊர் வெக்கை இதற்கு ஒரு பொருட்டே அல்ல. 10 டிகிரிக்குக் கீழே இறங்கும் குளிர்தான் ஆகாது. மதுரையில் அந்தக் கவலைக்கே இடமில்லை. நான் பார்த்தவரை, இங்கே பட்டுப்போன செடிகளில் பெரும்பாலானவை தண்ணீர் மிகுந்து அழுகியவைதாம்.

சென்ற ஐப்பசி அடைமழையின்போது எதிர்வீட்டு அக்கா தம் செடியைத் தொட்டியோடு தூக்கிவந்து, "இலையெல்லாம் சாய்கிறதே தம்பி, தண்ணீர் போதவில்லையோ?" என்று கேட்டார். மேலே இருந்த கோகோபீட் (மண்ணுக்குப் பதிலாகப் போடும் தென்னைநார்த் தூள்) காய்ந்து வெளிறியிருந்ததால், அவருக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. ஓர் இலையைப் பிடித்து மெல்ல இழுத்தேன். எந்தத் தடையுமின்றிக் கையோடு வந்துவிட்டது. அடிப்பகுதி பழுப்பேறிக் கொழகொழத்து, நாள்பட நனைந்து கிடந்த சாக்கைப் போல நாறியது. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால், மேலே ஒரு விரற்கடை மட்டும் உலர்ந்திருந்த கோகோபீட் அடியில் பிழிந்தால் நீர் சொட்டும் நிலையில் இருந்தது. தொட்டியின் அடியில் துளைகள் இருந்தும், அழகுக்காக அதை இறக்கி வைத்திருந்த பீங்கான் கிண்ணத்தில் வடிந்த நீர் அப்படியே தேங்கி, வேர்கள் அதிலேயே ஊறிக்கொண்டிருந்தன.

நல்லவேளையாகக் கிழங்கில் ஒரு பகுதி வெளிர் ஆரஞ்சு நிறத்தில் கெட்டியாக இருந்தது. அழுகியதை வெட்டி நீக்கி, வெட்டுவாய் காயும்வரை நிழலில் போட்டுவைத்து, செம்மண்ணும் மணலும் சரிக்குச் சரி கலந்து, உடைத்த செங்கல் துண்டுகளும் ஒரு கைப்பிடி மட்கிய தொழு உரமும் சேர்த்து, மானாமதுரை மண்தொட்டியில் நட்டோம். மண்தொட்டியின் சுவர் வழியாகவும் ஈரம் ஆவியாகும் என்பதால், கை தாராளமாகத் தண்ணீர் ஊற்றுபவர்களுக்கு அதுவே பாதுகாப்பு. மாசிக் கடைசியில் கூர்மையான குருத்தொன்று மண்ணைக் கீறிக்கொண்டு வெளியே வந்தது.

"வாரம் ஒரு முறை தண்ணீர்" என்ற கணக்கை நான் ஏற்பதில்லை. விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை அடிவரை செருகி எடுத்து, மண் ஒட்டாமல் வந்தால் மட்டும் ஊற்றலாம். அப்போதும் இலைக்கொத்தின் நடுவில் விழாமல் ஓரமாக ஊற்றுவது நல்லது.

திருநகர் உறுப்பினர்:

ஈர்க்குச்சி யோசனை மிகவும் பயனுள்ளது, ஐயா. இலையை வெட்டிப் புதிய செடி உண்டாக்க நினைப்பவர்களுக்காக ஒன்றைச் சேர்க்கிறேன். மஞ்சள் விளிம்புள்ள வகையின் இலைத்துண்டை நட்டால், முளைத்துவரும் கன்றில் மஞ்சள் விளிம்பு இராது. வெறும் பச்சையாகத்தான் வரும். விளிம்பு வேண்டுமானால், கிழங்கோடு பக்கக்கன்றைப் பிரித்து நடுவதே வழி. இலைத்துண்டைத் தலைகீழாகச் செருகினால் வேரே விடாது என்பதால், வெட்டும்போதே அடிப்பக்கத்தில் ஓர் அடையாளம் இட்டுக்கொள்வேன்.

மேலூர் உறுப்பினர்:

எங்கள் பக்கத்துக் கரட்டு நிலங்களில் தானாக வளரும் மருள் இதற்கு நெருங்கிய உறவு. முன்பு வில்லுக்கு நாண் திரித்தது அதன் நாரில்தான். அதற்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள்?

இரவு முழுவதும் ஆக்சிஜன் தரும் என்று சொல்லி இதைப் படுக்கையறைக்காக விற்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நீர் வீணாகாமல் இருக்க இச்செடி பகலில் இலைத்துளைகளை மூடி, இரவில் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுத்துச் சேமிக்கிறது. ஆக்சிஜன் உருவாவதற்கோ வெளிச்சம் வேண்டும். காற்றைச் சுத்தம் செய்யும் என்பதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் 1989ஆம் ஆண்டு நாசா ஆய்வும் அடைத்து மூடிய சிறு பெட்டிகளுக்குள் நடத்தப்பட்டது. வீட்டின் வழக்கமான காற்றோட்டமே தரும் பலனைச் செடிகளால் பெற, ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடிகளாவது வேண்டியிருக்கும் என்று 2019இல் வெளியான மறு ஆய்வு கணக்கிட்டது. அழகுக்காக வளர்ப்பதே போதுமான காரணம்தானே?

புதூர் உறுப்பினர்:

ஐயா சொல்வது சரி. பூனை, நாய் வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: இலையில் சபோனின் என்ற நச்சுப்பொருள் இருப்பதால், அவை கடித்துத் தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். எங்கள் பூனை இலைநுனியை மோப்பம் பிடிக்கத் தொடங்கியதிலிருந்து, தொட்டி உயரமான மர ஸ்டூலுக்குப் போய்விட்டது.