குளத்தங்கரையைப் பலப்படுத்த ஊராட்சி நிதி கேட்பது எப்படி? (தோவாளை ஒன்றியம்)

குளத்தங்கரை மகளிர் குழு:

வணக்கம். நாங்கள் கன்னியாகுமரி மாவட்டம் தோவாளை ஒன்றியத்தில் ஒரு சிற்றூரின் சுயஉதவிக் குழு. எங்கள் ஊரில் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போக நெல்லும் ஒரே குளத்தை நம்பித்தான் விளைகின்றன. 2021 நவம்பர் மழையில் மாவட்டத்தில் பல குளங்கள் உடைந்தபோது எங்கள் கரை எப்படியோ தப்பியது. ஆனால் மடைக்குத் தெற்கே கரை இறங்கிக் கிடக்கிறது. ஐப்பசியில் குளம் பெருகினால் அந்த இடத்தில் நண்டு வளைகள் வழியாகத் தண்ணீர் வயல் பக்கம் கசிகிறது. கரையைப் பலப்படுத்தி மரக்கன்று நட வேண்டும் என்று குழுவில் ஒரு லட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறோம். பருவம் தப்பிய மழைக்கும் வெயிலுக்கும் இனி இந்தக் குளம்தான் எங்களுக்குக் காவல்.

'காலநிலை மாற்றத்தைச் சமாளிக்க மானியம் வேண்டும்' என்று மனு எழுதிக்கொண்டு போனோம். ஓர் அலுவலகத்தில் வேறோர் அலுவலகத்தைக் காட்டினார்கள். அங்கே போனால் மறுபடி பழைய இடத்துக்கே அனுப்பினார்கள். யாரிடம், எப்படிக் கேட்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஓவர்சியர், நாகர்கோவில்:

தங்கச்சி, ஒன்றியத்தில் நிதி ஒதுக்குவது வேலைக்கு. இத்தனை மீட்டர் கரை, இத்தனை கன மீட்டர் மண் என்று அளந்து மதிப்பீடு போட முடிந்தால்தான் கோப்பு நகரும். மனுவின் முதல் வரியே 'மடைக்குத் தெற்கே குளத்தங்கரையைப் பலப்படுத்துதல்' என்று இருக்கட்டும். காலநிலைக் காரணத்தை அதற்குக் கீழே எழுதுங்கள். அது உண்மையான காரணம், விட்டுவிடாதீர்கள்.

அதற்கு முன்னால் குளம் யார் பொறுப்பில் இருக்கிறது என்று பாருங்கள். ஆயக்கட்டு, அதாவது குளத்துத் தண்ணீர் பாயும் வயல் பரப்பு, 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை, குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியம் என்பது பொதுவான பிரிவு. ஆனால் நம் மாவட்டத்தில் கால்வாயோடு சேர்ந்த, ஒன்று நிரம்பி அடுத்ததற்குத் தண்ணீர் போகும் சங்கிலிக் குளங்கள் நிறைய உண்டு. ஆகவே ஊகிக்காமல் பதிவேட்டைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். உங்களை அலைக்கழித்ததற்குப் பாதிக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

ஒன்றியக் குளம் என்றால் உங்களுக்கு ஏற்றது 'நமக்கு நாமே' திட்டம். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு தரும். உங்கள் ஒரு லட்சத்தை வைத்து மூன்று லட்சம் ரூபாய் வேலை கேட்கலாம். மக்கள் பங்கு பாதியோ அதற்கு மேலோ இருந்தால் பங்களித்தவர்களே வேலையை எடுத்துச் செய்யவும் விதியில் இடம் உண்டு. ரசீது இல்லாமல் யார் கையிலும் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

2025 ஜனவரியில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தாரே, அது போன்ற காலங்களில் தலைவர் இல்லையே என்று காத்திருக்க வேண்டியதில்லை. மனுவைத் தனி அலுவலரிடம் கொடுக்கலாம். எப்படியானாலும் கிராம சபையில் தீர்மானமாக ஏற்றிவிடுங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் கூட்டம் குளத்துக்குப் பொருத்தமான நாள். நீங்கள் பேசியதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்களா என்று அங்கேயே வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் எழுந்து வர வேண்டும். நல்ல கோரிக்கைகள் தொலைந்துபோவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

இன்னொன்று. கசியும் தண்ணீர் தெளிவாக இருக்கிறதா, கலங்கி வருகிறதா? கலங்கலாக வந்தால் கரைக்குள்ளிருந்து மண் அரித்துக்கொண்டு வருகிறது என்று பொருள். அப்படியானால் மானியத்துக்குக் காத்திருக்க வேண்டாம்; அன்றைக்கே ஒன்றிய அலுவலகத்துக்கும் வட்டாட்சியருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

வயக்காட்டுக்காரன், பூதப்பாண்டி:

அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தூர் வாரும் செலவை மதிப்பீட்டில் ஏற்றினால் உங்கள் பணம் அதிலேயே கரைந்துவிடும். விவசாயத்துக்கு வண்டல் மண்ணைக் கட்டணமின்றி எடுக்க 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி தருகிறார்கள். ஆயக்கட்டு விவசாயிகள் சேர்ந்து மனு போட்டால் மண் வயலுக்குப் போகும், குளமும் ஆழமாகும். கரை ஓரத்தில் மட்டும் தோண்ட விடாதீர்கள், அடி பலவீனமாகிவிடும்.

கடலோர ஆசிரியை, மணக்குடி:

அக்கா, கன்றுகளுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். பசுமைத் தமிழ்நாடு இயக்கத்துக்காக வனத்துறை நாற்றங்கால்களில் வளர்க்கிறார்கள், அங்கே கேளுங்கள். மாவட்டத்தில் காலநிலை அலுவலரும் மாவட்ட வன அலுவலர்தான். உங்கள் மனுவின் ஒரு நகல் அவரிடமும் இருப்பது நல்லது.

எனக்கு வருத்தம் தருவது நட்ட பிறகு நடப்பதுதான். படம் எடுக்கும் அன்றைக்குக் கூட்டம் கூடுகிறது. மாசியிலும் பங்குனியிலும் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. எந்த வீட்டார் எந்தக் கன்றைப் பார்ப்பது என்று நடுவதற்கு முன்பே குழுவில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பழையாற்று முகத்துவாரத்து அலையாத்திச் செடிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் தோன்றும்: நடுவது ஒரு நாள் வேலை, காப்பது பல வருட வேலை.

குளத்தங்கரை மகளிர் குழு:

எல்லோருக்கும் நன்றி. கசிவு இதுவரை தெளிவாகத்தான் இருக்கிறது அண்ணாச்சி, இனி மழை பெய்யும் நாளெல்லாம் பார்ப்போம். கரையில் என்ன மரம் வைக்கலாம்? தென்னை வைக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள்.

ஓய்வுபெற்ற ஓவர்சியர், நாகர்கோவில்:

கரை உச்சியில் தென்னையோ வேறு பெரிய மரமோ வேண்டாம். 2017 ஒக்கிப் புயலில் மரங்கள் வேரோடு சாய்ந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள்; குளத்தங்கரையில் அப்படி ஒரு மரம் விழுந்தால் கரை மண்ணையும் பெயர்த்துக்கொண்டுதான் விழும். சரிவில் வெட்டிவேர் வையுங்கள். வயல் பக்கம் கரை முடியும் இடத்தைத் தாண்டிப் பனை விதை போடுங்கள். மதிப்பீட்டுக்கு அளக்க வரும்போது நண்டு வளை இருக்கும் இடங்களில் கம்பு நட்டு அடையாளம் வைத்திருங்கள். கோடையில் வந்து பார்ப்பவருக்குக் கசியும் இடம் தெரியாது.