தட்டுவடையை விட்ட அம்மா

(சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து)

அம்மாவுக்கு 68 வயது. தெருமுனை வண்டியில் தட்டுவடை செட் (இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னியும் காய்த் துருவலும்) வாங்கி வந்தால் பீட்ரூட் துருவல் வழிய வழிய ஒரு தட்டைத் தனியாக முடிப்பவர். போன வருடம் ஒருநாள், "எனக்கு நொறுக்கல் போதும்டா" என்றார். தட்டுவடையை நொறுக்கிக் கலந்து தருவதுதான் நொறுக்கல். கொஞ்ச நாளில் அதுவும் வேண்டாம். மத்தியானம் ராகிக் களி, ராத்திரி ரசம் சோறு. களியை யார் மெல்கிறார்கள், உருட்டி விழுங்குவதுதானே? அதனால் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

சப்பாத்தி போட்ட அன்றுதான் தெரிந்தது. ஒன்றைச் சாப்பிட அரை மணி நேரம். நடுவில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பல் வலியா என்றால் இல்லை, "கன்னம் அசந்து போச்சு" என்கிறார். முதலில் பார்த்த டாக்டர் வயசாயிடுச்சு என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இரண்டாவதாகப் பார்த்த பல் டாக்டர் ஓபிஜி எக்ஸ்ரே (தாடை முழுவதும் ஒரே படத்தில்) எடுத்தார். கீழ்த்தாடையின் அடி விளிம்பு தடித்த வெள்ளைக் கோடாகத் தெரிய வேண்டுமாம். அம்மாவுக்குக் கரையான் அரித்த மாதிரி இருந்தது. இதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது என்று எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனுக்கு அனுப்பினார். இடுப்பில் டி ஸ்கோர் (இளவயதினரின் எலும்போடு ஒப்பிட்ட அளவு) மைனஸ் 2.9. மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனாலே எலும்புப்புரைதான், அதாவது எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமாவது. (நாம் எல்லாவற்றையும் எலும்புத் தேய்மானம் என்றுவிடுகிறோம். அது மூட்டுச் சமாச்சாரம், இது வேறு.)

சரி, எலும்புக்கும் கன்னம் அசருவதற்கும் என்ன சம்பந்தம்? டாக்டர் என்னையே பல்லைக் கடிக்கச் சொன்னார். கன்னத்தில் ஒன்று புடைத்தது, நெற்றிப்பொட்டில் இன்னொன்று. மெல்லும் தசைகளில் பெரியவை இவை. பிரேசிலில் தாடை எலும்புப்புரை உள்ளவர்களுக்கு இந்த இடங்களில் மின்முனை ஒட்டி, தசை எவ்வளவு வேலை செய்கிறது என்று அளந்திருக்கிறார்களாம். தாடையைச் சும்மா வைத்திருக்கும்போது தசை மற்றவர்களைவிடக் கூடுதலாக வேலை செய்கிறது. இறுக்கிக் கடிக்கும்போதும் மெல்லும்போதும் குறைவாக. விடிய விடிய முழித்துவிட்டுத் தறியில் உட்கார்ந்தவன் மாதிரி என்றேன். டாக்டர் சிரித்துவிட்டார்.

(ஏற்காட்டிலிருந்து ஒரு பதில்)

எங்கள் அத்தைக்கு (மாமியார்) பல்செட்டில்தான் ஆரம்பித்தது. மூன்று முறை சரிசெய்தும் ஆடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறணும், வாந்தி வேறு. செட்டில் கோளாறு இல்லை, அது உட்கார்ந்திருக்கிற ஈறுமேடு (ஈறுக்குள் இருக்கும் எலும்பு) கரைந்துகொண்டே போகிறது என்று பிறகுதான் சொன்னார்கள். ஆடுகிற செட்டைப் பிடித்து நிறுத்தவே கன்னத்துச் சக்தி போய்விடும், அப்புறம் எங்கே மெல்வது?

உங்கள் அம்மாவுக்கு எலும்புப்புரைக்கு வாரம் ஒரு மாத்திரை எழுதியிருந்தால் ஒன்று கவனியுங்கள். வெறும் வயிற்றில் நிறையத் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். பல் பிடுங்கப் போனால் அந்த மாத்திரையைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். அபூர்வமாகத்தான் என்றாலும், பிடுங்கிய இடம் ஆறாமல் தாடை எலும்பு வெளியே தெரிகிற நிலை வருவதுண்டு. அத்தைக்கு மிச்சமிருந்த சொத்தைப் பற்களை எடுத்து, புண் ஆறிய பிறகே மாத்திரை தொடங்கினார்கள். பயந்துபோய் நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது.

(சேலம் குகைப் பகுதியிலிருந்து இன்னொரு பதில்)

கன்னம் வலித்தாலே எலும்புப்புரை என்று ஓட வேண்டாம். எங்க அப்பாவுக்கும் இதே கதைதான், ஸ்கேனில் எலும்பு நன்றாக இருந்தது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறார். அம்மா 30 வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை டாக்டர் ஐந்து நிமிடத்தில் சொன்னார், அவ்வளவுதான்.

(மறுபடியும் அம்மாப்பேட்டை)

பல்லைப் பிடுங்கும் விஷயம் தெரியாது, நன்றி. மாத்திரை, கால்சியம் எல்லாம் போய்க்கொண்டிருக்கிறது. கஞ்சியோடு நிறுத்திவிடாதீர்கள், மெல்லாத தசை இன்னும் மெலியும் என்றார்கள். அதனால் இட்லி, வெந்த காய், மரவள்ளிக் கிழங்கு என்று சின்னத் துண்டுகளாக இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மெல்கிறார். போன வாரம் அரைத் தட்டுவடை கேட்டார், சட்னியில் ஊறவைத்து. ஊறினதெல்லாம் தட்டுவடையா என்று அப்பா கேட்க, வீட்டில் சண்டை.